உப்பு விளையும் நாட்டில் உப்பின் பலன் யாருக்கு?

தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைகிறது. இந்தியாவில் உப்பு விளைவிக்கும் மாநிலங்களின் முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு. உப்பு நீரில் கால் வெடித்து, வெயிலில் கண் கூசி, அதை வாரிக் குவிப்பவர்கள் நம் வர்க்கத்து ஆண்களும் பெண்களும்தான். ஆனால் 2018-19ல் நாடு முழுவதும் நடந்த அயோடின் கணக்கெடுப்பு என்ன சொல்லிற்று? போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியா முழுவதிலும் 100க்கு 76. தமிழ்நாட்டில் 62. மாநிலங்களிலெல்லாம் கடைசி இடம்! உப்பு விளைகிற நாட்டின் லட்சணம் இது!

"உப்பில் என்னய்யா அரசியல்?" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே. கேளுங்கள்.

நம் கழுத்தின் முன்புறத்தில் தைராய்டு என்றொரு சுரப்பி இருக்கிறது. அது தைராக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. உடம்பின் சூடு, இதயத்தின் ஓட்டம், குழந்தையின் வளர்ச்சி, மூளையின் விருத்தி எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அந்த ஹார்மோனைச் செய்யும் கச்சாப் பொருள் அயோடின். பஞ்சு வராவிட்டால் மில் ஓடுமா? அதுபோலத்தான் இதுவும். அயோடின் கிடைக்காத சுரப்பி, இல்லாததைப் பிடித்துக் கொள்ள முயன்று பெருத்துப் பெருத்து வீங்குகிறது. அதுவே முன்கழுத்துக் கழலை.

கழலை கண்ணுக்குத் தெரிகிற தீங்கு. கண்ணுக்குத் தெரியாத தீங்குதான் கொடியது. கர்ப்பிணித் தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி குன்றுகிறது. கடும் பஞ்சமுள்ள இடங்களில் பிள்ளைகள் செவிடாக, ஊமையாக, புத்தி வளராதவர்களாகப் பிறக்கிறார்கள். அப்படிக் கெட்டுப்போன மூளையைப் பிற்பாடு எந்த வைத்தியராலும் திருப்பித் தர முடியாது. இத்தனைக்கும் ஒரு மனிதனுக்கு நாள் ஒன்றுக்குத் தேவை ஒரு கிராமில் பத்து லட்சத்தில் 150 பங்குதான். ஆயுள் முழுவதற்கும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டி!

இதை நம் நாட்டு மண்ணிலேயே நிரூபித்தவர்கள் நம் விஞ்ஞானிகள். 1956ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவரது சகாக்களும் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கை ஆராய்ச்சிக் களமாக எடுத்துக் கொண்டார்கள். மழையும் பனியாறும் அயோடினை அரித்துக் கொண்டு போய்விட்ட மண் அது. பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் கழலை. சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் வாழ்ந்த அந்த வட்டாரத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. ஐந்தாறு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். அயோடின் உப்புத் தின்ற பகுதிகளில் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. சாதா உப்புத் தின்ற பகுதியில் குறையவே இல்லை. விடை தெரிந்ததும் அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட்டது. அங்கும் கழலை இறங்கிற்று.

அந்தப் பாடம் எழுதப்பட்டது ஏழை மலைவாசிகளின் பிள்ளைகளுடைய கழுத்தில். அவர்களுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனை ஆட்சியாளர்கள் எப்படித் தீர்த்தார்கள்?

1962ல் கழலை ஒழிப்புத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இருபது வருஷமாகியும் தேவைக்கு ஏற்ற உப்பு உற்பத்தியாகவில்லை. சர்க்கார் ஆலைகளைப் பெருக்குவதற்குப் பதிலாக, 1983ல் தனியார் முதலாளிகளுக்குக் கதவைத் திறந்து விட்டார்கள். அதே காலத்தில் டாக்டர் கொச்சுப்பிள்ளையும் சகாக்களும் உத்தரப் பிரதேசத்துத் தெராய் ஜில்லாக்களில் பிறந்த சிசுக்களின் கொப்பூழ்க்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். ஹார்மோன் குறைவோடு பிறக்கும் குழந்தைகள், டில்லியிலும் கேரளத்திலும் கண்டதைவிடப் பன்மடங்கு அதிகம் என்று தெரிந்தது. காங்ராவில் விடை கிடைத்த பிறகும் அத்தனை சிசுக்கள் பலியாயின என்றால் யார் குற்றம்?

கடைசியில் 1998ல், அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று தேசம் முழுவதும் சட்டம் அமலுக்கு வந்தது. 2000ல் வாஜ்பாயி சர்க்கார் அந்தத் தடையை நீக்கிற்று. காரணம்? எந்த உப்பைத் தின்பது என்பது தனிமனிதனின் இஷ்டமாம்! பலன் என்ன? 1998-99ல் போதிய அயோடின் உப்பு இருந்த வீடுகள் 100க்கு 49. 2002-04ல் சுமார் 30. பிறகு 2006ல் வேறொரு சர்க்கார் தடையை மறுபடியும் கொண்டு வந்தது. இடையில் போன வருஷங்களில் கருவுற்ற பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

இஷ்டமாம், சுதந்திரமாம்! வயிற்றில் இருக்கும் சிசுவை எந்த மந்திரி கேட்டார், உனக்கு எந்த உப்பு இஷ்டம் என்று? கையில் கூலி குறைந்த நாளில் மலிவு உப்பை வாங்குகிற விவசாயத் தொழிலாளிக்கு ஏது இஷ்டம்? பணமுள்ளவனுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம், இல்லாதவனுக்கு வியாதியைத் தின்னும் சுதந்திரம். இதுதான் அந்த வாதத்தின் உள்கருத்து.

"கடல் உப்பில் அயோடின் தானாக இருக்குமே" என்று நம் தோழர்களே சிலர் நம்புகிறார்கள். அது தப்பு. கடல் நீரில் அயோடின் மிகச் சொற்பம். பாத்தியில் உறைந்த உப்பில் அதைவிடப் பயனற்ற அளவே தங்குகிறது. கடற்கரையில் குடியிருப்பதாலேயே குறை தீர்ந்துவிடாது.

"இது பெரிய கம்பெனிகளின் சூழ்ச்சி, பாக்கெட் உப்பை நம் தலையில் கட்டும் தந்திரம்" என்று சொல்பவர்களும் உண்டு. கோபம் நியாயமானது, முடிவுதான் தப்பு. ஒரு டன் உப்புக்குச் சேர்க்க வேண்டிய பொட்டாசியம் அயோடேட் சுமார் 50 கிராம். கிலோவுக்குச் சில பைசாதான் செலவு. அந்தச் சில பைசா மருந்தைக் காட்டி, பளபளக்கும் பாக்கெட்டுக்குப் பல ரூபாய் கூடுதலாகப் பிடுங்குகிறானே, அதுதான் கொள்ளை. கொள்ளைக்காரன் கையில் இருக்கிறது என்பதற்காக மருந்தையே வேண்டாம் என்போமா? மருந்தை அவன் கையிலிருந்து பறிப்போம்!

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாத் தைராய்டு வியாதியும் உப்பால் வருவதல்ல, உப்பால் தீர்வதுமல்ல. ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கில் சில குழந்தைகள் சுரப்பி சரியில்லாமலே பிறக்கிறார்கள். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்து, முதல் சில வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தால் மூளை பிழைக்கும். தாமதித்தால் பிழைக்காது. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே இந்தச் சோதனை நடக்கிறது. களத்துமேட்டில் கூலிக்கு நிற்பவளின் பிள்ளைக்கும் அது நடக்க வேண்டாமா?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

சர்க்காரின் வாலிநோக்கம் உப்புக் கழகத்தைப் பெருக்கி, அயோடின் உப்பை எல்லா ரேஷன் கடைகளிலும் தட்டின்றி, சாதா உப்பின் விலைக்கே கொடுக்க வேண்டும்.

சிறு உப்பள உற்பத்தியாளர்களுக்கு அயோடின் கலக்கும் இயந்திரமும் மருந்தும் சர்க்கார் தர வேண்டும். சட்டத்தைக் காட்டி அவர்களை ஒழித்து, பெரிய கம்பெனிகளுக்கு வழிவிடக் கூடாது.

கடையில் விற்கும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அதை உப்பளத்திலும் கடையிலும் சோதித்து, முடிவை ஊரறிய வெளியிட வேண்டும்.

எல்லாச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் பிறக்கும் ஒவ்வொரு சிசுவுக்கும் தைராய்டுச் சோதனை இலவசமாக நடக்க வேண்டும்.

உப்பளத் தொழிலாளிக்கு நியாயமான கூலி, கண்ணாடி, காலுறை, குடிநீர், மழைக்கால நிவாரணம் வேண்டும்.

மில் கேட்டிலும் வயல் வரப்பிலும் இதைப் பேசுங்கள். மாதர் சங்கக் கூட்டங்களில் பேசுங்கள். உங்கள் ஊர் ரேஷன் கடையில் எந்த உப்பு இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று தாசில்தாரைக் கேளுங்கள். விஞ்ஞானி தன் வேலையை அறுபது வருஷத்துக்கு முன்பே முடித்து விட்டான். மிச்சமிருப்பது நம் வேலை. உப்பை விளைவிக்கும் வர்க்கத்தின் பிள்ளைக்கு அந்த உப்பின் பலன் வந்து சேரும் வரையில் அந்த வேலையை விடக் கூடாது!