இரண்டு வாங்கினால் நான்கு

திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழாவில் விதைக்கு விலை கிடையாது. விவசாயி 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப் போவார்; அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கணக்கை நடத்திக் காட்டியவர் 'நெல்' ஜெயராமன்.

2003-ல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தபோது உடன் நடந்தவர் ஜெயராமன். பசுமைப் புரட்சியின் குட்டை நெல் ரகங்கள் வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற பாரம்பரிய ரகங்கள் ஊருக்கு ஒரு கிழவர் வீட்டில் கிடந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. யாரும் கேட்காத அந்த நெல்லை ஜெயராமன் வீடு வீடாகத் தேடினார். அடுத்த ஆண்டே, 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி நாகைக் கடலோர வயல்களில் உப்புநீரை ஏற்றியது. உவர் மண்ணில் எது முளைக்கும் என்ற கேள்வி அப்போதுதான் எல்லோருக்கும் வந்தது. பாரம்பரிய ரகங்களில் குழியடிச்சான் உவரைத் தாங்கும்; மடுமுழுங்கி வெள்ளத்தைத் தாங்கும். ஆனால் கடல் வந்த பிறகு விதை தேடினால் அந்தப் பட்டம் போய்விடும்.

தேடியதைவிட, தேடியதை அவர் வைத்த விதம்தான் பெரிய யோசனை. நெல்லைப் பூட்டி வைத்தால் நாளாக நாளாக முளைப்புத்திறன் போய்விடும். ஒரே கிடங்கில் குவித்தால் ஒரு புயலோ ஒரு கரையானோ போதும். அவர் விதையை நூற்றுக்கணக்கான வயல்களில் பரப்பிவிட்டார். ஓர் ஊரில் அழிந்தாலும் இன்னோர் ஊரில் கதிர் நிற்கும். இரண்டுக்கு நான்கு என்ற நிபந்தனை வட்டிக்காக அல்ல, காப்புக்காக.

இந்த ரகங்கள் எல்லாமே அதிகம் விளையும் என்று சொல்ல முடியாது. காட்டுயானம் ஆறு மாதம் வயலில் நிற்கும். தண்ணீருக்கும் கூலிக்கும் கணக்குப் பார்ப்பவர் தயங்குவது நியாயம்தான்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் காவிரி டெல்டாவைச் சாய்த்தபோது ஜெயராமன் புற்றுநோயோடு படுக்கையில் இருந்தார். டிசம்பர் 6 அன்று காலமானார். அவர் மீட்ட 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் அதற்குள் பல மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. திருவிழா திருத்துறைப்பூண்டியில் தொடர்கிறது.

நிலம் உள்ளவர்கள் சம்பா பருவத்தில் ஒரு மா நிலத்தையாவது இவற்றில் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். அறுத்ததும் பக்கத்து ஊர்க்காரருக்கு 2 கிலோ கொடுங்கள்.