பெட்டி மேல் ஒரு பொய்

வீடியோ விளையாட்டு எனக்கு வெறும் பொழுதுபோக்குதான். ஆனாலும் அதன் பெட்டிப் படத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு: அது பொய் சொல்லக்கூடாது. திருப்பூர்ப் பனியன் வியாபாரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "படம் சரக்கை விக்கறதுக்குங்க, அதுல உண்மை என்னத்துக்குங்க?" என்றார்.

அவர் சொல்லலாம். காதர்பேட்டையில் பெட்டி மேல் எந்தப் பயில்வான் நின்றாலும், துணியைத் தடவிப் பார்த்துத்தான் காசை எடுக்கிறோம். விளையாட்டைத் தடவிப் பார்க்க முடியுமா? படத்தை நம்பித்தானே வாங்குகிறோம்!

2001-ல் வந்த 'ஈக்கோ'வைப் பாருங்கள். கொம்பு முளைத்த சிறுவன், ஒரு சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கோட்டையிலிருந்து தப்ப முயலும் கதை. அதைப் படைத்த ஃபுமிட்டோ உவேடாவே ஜப்பானியப் பெட்டிக்குப் படம் எழுதினார். பரந்த வெறுமை, நீண்ட நிழல்கள், அவற்றிடையே ஓடும் இரு சிற்றுருவங்கள். கதையின் தனிமை முழுவதும் அதில் இருக்கிறது. அமெரிக்கப் பெட்டியிலோ சிறுவனை ஊதிப் பெருக்கி வைத்தார்கள். பார்த்தால் ஏதோ அடிதடிக் கதை போலிருக்கும். விற்றதா? அங்கே விற்பனை மந்தமானதற்கு அந்தப் படமும் ஒரு காரணம் என்று சோனி அதிகாரி ஒருவரே பின்னாளில் சொன்னார்.

உண்மை சோறு போடாது என்கிறீர்களே, ஐயா. பொய் மட்டும் போட்டதா?