ஆயில் மாத்தும்போது ஆயில் கூலரையும் காலி பண்ணணுமா?

சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில் திருத்தணி சுமார் 85 கி.மீ. தூரம். சனிக்கிழமை காலையில் கிளம்பி, முருகனைப் பார்த்துவிட்டு, அப்படியே நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கும் ஒரு எட்டு போய் வருவது பல குடும்பங்களின் வழக்கம். ஆடிக் கிருத்திகை சமயத்தில் காவடிக் கூட்டத்துக்கு நடுவே ஊருக்குள் கார் முதல் கியரிலேயே ஊர்ந்து போகும், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பயணத்துக்கு முன் "ஒரு ஆயில் சேஞ்ச் போட்டுடலாம்" என்று வண்டியை மெக்கானிக்கிடம் விடுகிறார்கள்.

அங்கேதான் இந்தக் கேள்வி வருகிறது. "அண்ணே, ஆயில் கூலர்ல நிக்கிற பழைய ஆயிலையும் எடுத்துடுவீங்கல்ல?" என்று யூடியூப் பார்த்துவிட்டு வந்த இளைஞர் கேட்பார். ஒரு மெக்கானிக், "அதெல்லாம் வேணாம் தம்பி, நட்டைக் கழட்டினா வர்றது வந்துடும்" என்பார். அடுத்த கடையில், "கண்டிப்பா எடுக்கணும் சார், இல்லன்னா போடுற புது ஆயிலும் வீணாயிடும்" என்பார்கள். இரண்டு பேரும் அடித்துச் சொல்வார்கள். பில்லில் மட்டும் ஒரு வரி கூடும்.

சாதாரண ஆயில் சேஞ்சைப் பொறுத்தவரை முதல் மெக்கானிக் சொல்வதுதான் சரி. ஆனால் இரண்டே இரண்டு சந்தர்ப்பங்களில் அதே பதில் என்ஜினையே காலி செய்துவிடும். பில்லில் கூடும் அந்த ஒரு வரியைவிட, இந்த இரண்டைத் தெரிந்து வைத்திருப்பதுதான் முக்கியம்.

கூலருக்குள் எவ்வளவு நிற்கிறது?

ஓடும் என்ஜினில் ஆயிலின் சூடு சாதாரணமாக 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஏற்றத்திலும் பாரத்திலும் அது இன்னும் ஏறும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் ஆயில் கூலர். சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இது கிடையவே கிடையாது. டீசல் கார்களிலும், டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் உண்டு. பெரும்பாலும் ஆயில் ஃபில்டரை ஒட்டியே, அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகளாக இருக்கும். ஒரு தகட்டில் ஆயில், அடுத்த தகட்டில் கூலன்ட். இதற்குள் நிற்கும் ஆயில் ஒரு டம்ளர் கூட வராது.

முன்பக்கம் ரேடியேட்டர் மாதிரி தனியாக நின்று, இரண்டு ஹோஸ் வழியாக ஆயில் போய் வருவது இன்னொரு வகை. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்கில் பார்க்கலாம். கார்களில் இந்த வகை பெரும்பாலும் வேக வண்டிகளில்தான். காரில் ஹோஸோடு சேர்த்து அரை லிட்டர், சில வண்டிகளில் அதற்கு மேலும் நிற்கும். பழைய ஏர்-கூல்டு போர்ஷே 911 காரில் மொத்த ஆயிலே 10 லிட்டருக்கு மேல். கூலர் தள்ளி முன் சக்கரத்துப் பக்கம் இருப்பதால், நட்டைக் கழற்றினாலும் நிறைய ஆயில் உள்ளேயே தங்கிவிடும். "கூலரையும் காலி பண்ணுங்க" என்ற அறிவுரை பெரும்பாலும் இந்த மாதிரி வண்டிக்காரர்களிடமிருந்து கிளம்பி, வீடியோ வழியாக நம்மூர் ஸ்விஃப்ட் வரை வந்து சேர்ந்தது.

தங்கும் ஆயிலால் கெடுதல் உண்டா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 4 லிட்டர் பிடிக்கும் என்ஜினில் கூலர், ஆயில் போகும் துளைகள், ஹெட் எல்லாவற்றிலும் சேர்த்து 400 மி.லி. தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். புது ஆயில் ஊற்றியதும் பத்தில் ஒரு பங்கு பழசு. அடுத்த ஆயில் சேஞ்சில் மறுபடி 400 மி.லி. தங்கும். ஆனால் அதில் முந்தின தடவை ஆயில் வெறும் 40 மி.லி., அதாவது மொத்தத்தில் நூற்றில் ஒன்று. அதற்கு முந்தையது ஆயிரத்தில் ஒன்று. பழசு சேர்ந்துகொண்டே போகாது, தானாகவே கரைந்துவிடும். 10,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்று என்று கம்பெனி சொல்வதும் இந்த மிச்சம் உள்ளே இருக்கும் என்று தெரிந்துதான்.

மறுபக்கம், தேவையில்லாமல் கூலரைத் திறப்பதில் ஆபத்து உண்டு. கூலன்ட் ஓடும் வகையைக் கழற்றினால் கூலன்டையும் இறக்க வேண்டும். திரும்ப நிரப்பும்போது காற்று சிக்கினால் என்ஜின் சூடாகும். ஆயிலுக்காகப் போய், ஹெட் கேஸ்கட்டில் முடிந்த கதையாகிவிடும். ஹோஸ் வகையில், அலுமினிய மரையில் ஸ்பேனரைக் கொஞ்சம் கோணலாகப் போட்டாலே மரை போய்விடும். மரை போன கூலரைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டால் நெடுஞ்சாலையில் சொட்டும். கம்ப்ரசர் காற்றை விட்டு ஊதுவதும் நல்ல பழக்கமில்லை. உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் கசடைக் கிளப்பிப் பேரிங் பக்கம் தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது.

ஆயிலைக் கொஞ்சம் கூடுதலாக வெளியே எடுக்க வேண்டுமென்றால் செலவில்லாத வழி இருக்கிறது. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, ஃபில்லர் மூடியைத் திறந்து வைத்து, நட்டைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா விட்டால் போதும். அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் நட்டை மூடுகிற கடையில்தான் ஆயில் அதிகம் தங்குகிறது. கூலரை யாரும் திறக்காததால் அல்ல.

திறந்தே ஆக வேண்டிய இரண்டு நேரங்கள்

இப்போது இரண்டாவது மெக்கானிக் சொன்னது சரியாகும் இடத்துக்கு வருவோம்.

ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் என்ஜினை நம்மூரில் தெரியாதவர்கள் குறைவு. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று பல கார்களில் அதுதான் ஓடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆகவே இன்று டீசல் ஸ்விஃப்ட் வேண்டுமென்றால் பழைய வண்டிதான். முதல் சம்பளத்தில் சேர்த்து வைத்த பணத்தில் இளைஞர்கள் வாங்குவதும் இந்த மாதிரி வண்டிகளைத்தான். டி.என். 20 ஆனாலும் ஏ.பி. 03 ஆனாலும் விற்பவர் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "என்ஜின் வேலை முடிச்சாச்சு சார், புது வண்டி மாதிரி."

அங்கே கேட்க வேண்டிய கேள்வி: என்ஜின் வேலை பார்த்தபோது ஆயில் கூலரை மாற்றினார்களா?

காரணம் இதுதான். கிராங்க் பேரிங் தேய்ந்து போனாலோ, டர்போ உடைந்தாலோ மெல்லிய உலோகத் துகள் ஆயிலில் கலக்கும். பல என்ஜின்களில் பம்ப்பிலிருந்து கிளம்பும் ஆயில், ஃபில்டருக்குப் போகும் முன்பே கூலருக்குள் நுழைகிறது. நெருக்கமான அந்தத் தகடுகளுக்கு நடுவே துகள் ஒட்டிக்கொள்ளும். டீசல் ஊற்றிக் குலுக்கினாலும், பெட்ரோலில் ஊறப்போட்டாலும் எல்லாம் வெளியே வந்துவிட்டதென்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உள்ளே கண்ணால் பார்க்கவே வழியில்லை. புது பேரிங், புது ரிங் எல்லாம் போட்டு, கூலரை மட்டும் பழசையே மாட்டினால், அது கொஞ்சம் கொஞ்சமாகத் துகளைக் கக்கும். புது ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதிலுள்ள பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். சில ஆயிரம் கி.மீ.யில் அதே சத்தம் மறுபடி கேட்கும். பழைய வேலைக்குப் பொறுப்பானவர் அதற்குள் பழைய ஓனரோடு போயிருப்பார்.

இரண்டாவது சந்தர்ப்பம், கூலரே உள்ளுக்குள் ஓட்டை விழுவது. ஓடும் என்ஜினில் கூலன்ட் அழுத்தத்தைவிட ஆயில் அழுத்தம் அதிகம். அதனால் தகட்டில் விரிசல் விட்டால் முதலில் ஆயில்தான் கூலன்ட் பக்கம் போகும். கூலன்ட் டேங்கில் பழுப்பாக, பிசுபிசுப்பாக ஏதாவது மிதந்தால் அதுதான் அடையாளம். என்ஜினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழ். ஆயில் அழுத்தம் உடனே சைபர். கூலன்டில் மட்டும் சூடு ஆறும்வரை அழுத்தம் இருக்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் வரலாம். டிப்ஸ்டிக்கில் பால் ஊற்றிய காபி நிறம் தெரியும்.

இதைப் பார்த்ததும் "ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டை இறக்கணும்" என்று சொல்வது பழகிப்போன வார்த்தை. உண்மையில் அது கேஸ்கட்டாகவும் இருக்கலாம், கூலராகவும் இருக்கலாம். கூலரைத் தனியாகக் கழற்றி, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். ஹெட்டை இறக்கும் செலவு கூலர் மாற்றுவதைப்போலப் பல மடங்கு. எனவே ஹெட்டில் கை வைப்பதற்கு முன் கூலரைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது வண்டிக்காரரின் உரிமை. "அதெல்லாம் பாத்தாச்சு சார்" என்றால், எப்படிப் பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வியையும் கேட்கலாம். கூலர்தான் காரணம் என்றால் புதுசு போட்டு, ஆயில், ஃபில்டர், கூலன்ட் மூன்றையும் மாற்றியாக வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை மாற்றினால்தான் கலந்தது முழுசாகப் போகும்.

எவ்வளவு ஊற்றுவது?

கூலரைக் காலி செய்தாலும் செய்யாவிட்டாலும், தப்பு அதிகம் நடப்பது திரும்ப நிரப்புவதில்தான். ஓனர் மேனுவலில் இருப்பது ஃபில்டர் மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு. முழுசாகப் பிரித்துக் கட்டிய, உள்ளே துளி ஆயில் இல்லாத என்ஜினுக்கு ஊற்றும் அளவு வேறு, அது கூடுதல். சாதாரண ஆயில் சேஞ்சில் இந்தப் பெரிய அளவை ஊற்றிவிட்டால் ஆயில் மட்டம் ஏறி, சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. கூலரைக் காலி செய்துவிட்டுச் சின்ன அளவை மட்டும் ஊற்றி அனுப்பினால், கூலர் குடித்த ஆயில் அத்தனையும் சம்ப்பில் குறையும். பல கார்களில் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர்தான் வித்தியாசம். அரை லிட்டர் குறைந்தாலே மட்டம் பாதிக்கு இறங்கிவிடும்.

எனவே கூலர் காலியான வண்டியில் முதலில் மேனுவல் அளவை ஊற்ற வேண்டும். ஃபில்டர் நிமிர்ந்து நிற்கும் வகை என்றால் அதிலும் ஆயில் நிரப்பியே மாட்ட வேண்டும். ஸ்டார்ட் பண்ணி, ஆயில் லைட் அணையும்வரை ஆக்சிலேட்டரில் கால் வைக்கக் கூடாது. சில நொடி வழக்கத்தைவிடக் கூடுதலாக எரியும். அணையாவிட்டால் உடனே ஆஃப். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக் பார்த்து, குறைந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஹோஸ் வகைக் கூலரில் சில வண்டிகளுக்குத் தெர்மோஸ்டாட் உண்டு. ஆயில் நன்றாகச் சூடான பிறகுதான் அது திறந்து கூலருக்குள் ஆயிலை விடும். அந்த வண்டியைக் கடைவாசலில் ஐடிலில் வைத்துப் பார்த்தால் மட்டம் சரியாக இருக்கும், பத்து கி.மீ. ஓட்டிவிட்டுப் பார்த்தால் குறைந்திருக்கும். ஓட்டிப் பார்த்த பிறகுதான் அளவு முடிவாகும்.

டிப்ஸ்டிக் பார்க்கும் இடமும் முக்கியம். திருத்தணியில் மலைச்சாலையின் சரிவில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் கூடவோ குறைவோ தப்பாகத்தான் காட்டும். கீழே ஊருக்குள் லாட்ஜ் வாசலிலோ, பெட்ரோல் பங்க்கின் சமதளத்திலோ, காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் பார்ப்பதே சரியான அளவு. அங்கிருந்து திருமலைக்கு ஏறும் சாலை 15 கி.மீ.க்கு மேல். ஆயில் நன்றாகச் சூடேறி கூலர் முழுசாக வேலை செய்வது அங்கேதான். திரும்பி வந்த மறுநாள் காலை இன்னொரு தடவை பார்த்து, கூலன்ட் டேங்க் மூடியையும் என்ஜின் குளிர்ந்த நிலையில் திறந்து பார்த்துவிட்டால், கூலரைப் பற்றித் தெரிய வேண்டியது அவ்வளவும் தெரிந்துவிடும்.