பாதிப் பதில் முழுப் பதிலாகாது

மொத்த நீளம் முன்கூட்டித் தெரியாத பதிலைத் துண்டு துண்டாக அனுப்ப 1997 முதல், இணையத்தில் தரவைப் பரிமாறும் எச்டிடிபி 1.1 நெறிமுறை சர்வர்களுக்கு இடம் தருகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவு பதினாறடிமான எண்ணில் வரும். 400 என்றிருந்தால் 1,024 பைட்டுகள். அளவு பூஜ்யம் என்ற கடைசித் துண்டு வந்தால்தான் பதில் முடிந்தது.

அந்தப் பூஜ்யம் வராமல் இணைப்பு அறுந்தால் பதில் முழுமையற்றது. நெறிமுறை இதில் ஐயம் வைக்கவில்லை. ஆனால் அதைச் சரிபார்க்காத கிளையன்ட் மென்பொருள், வந்தவரை வாங்கிக்கொண்டு வெற்றி என்று அறிவித்துவிடும். பயனாளிகள் பட்டியல் ஒன்று சரியாக ஒரு வரியின் முடிவில் அறுந்தால், பார்ப்பவருக்குப் பிழையே தெரியாது. விடுபட்டவர் தாம் விடுபட்டதை அறிய வழியில்லை.

சரிபார்க்காமையின் இன்னொரு விளைவு இதைவிடக் கடுமையானது. கோப்புகளைப் பதிவிறக்கப் பரவலாகப் பயன்படும் டபிள்யூகெட் மென்பொருள், துண்டின் அளவு எதிர்ம எண்ணாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. 512 பைட் மட்டுமே கொள்ளும் இடத்தில் அளவின்றித் தரவைக் கொட்ட, தீய நோக்குள்ள சர்வருக்கு ஒரு கழித்தல் குறி போதுமாயிருந்தது. படித்துவிட்டு வீசி எறிய வேண்டிய தரவைக் கையாளும் பகுதியில்தான் இந்த ஓட்டை இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2017 அக்டோபரில் 1.19.2 பதிப்பு அதை அடைத்தது.

இது முதல் எச்சரிக்கையும் அல்ல. துண்டின் அளவைத் தவறாகக் கையாண்ட பிழை 2002இலும் 2013இலும் பரவலாகப் புழங்கிய சர்வர் மென்பொருள்களில் வெளிப்பட்டது. மென்பொருள் வேறு, ஆண்டு வேறு, சரிபார்க்காமை ஒன்றே.

திருத்தம் வெளியானால் போதாது, பயன்பாட்டுக்கு வர வேண்டும். நிரலைப் பராமரிப்போர் பூஜ்யத் துண்டு வராத பதிலையும் எதிர்ம அளவையும் பிழையாகவே அறிவிக்க வேண்டும். பொதுப்பணத்தில் மென்பொருள் வாங்கும் துறைகளும் அவற்றைத் தணிக்கை செய்யும் அமைப்புகளும், உள்ளே இயங்குவது எந்தப் பதிப்பு என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பாதியில் அறுத்த பதில் ஒன்றை அனுப்பிச் சோதிப்பது கடினமன்று. அதை வெற்றி என்று அறிவிக்கும் மென்பொருளை எந்தத் துறையும் ஏற்கக் கூடாது.