பெண்ணின் பேச்சை முதலில் கேளுங்கள்

காதல் கதைப் புத்தகம் என்றால் பெண்ணின் கையில் இருந்து பிடுங்கிவிடும் பெற்றோர் உண்டு. "படித்தால் பெண் கெட்டுவிடுவாள்" என்பது அவர்கள் பயம்.

ஆனால், வயது வந்த பெண்ணும், அவளைப் பெற்றவர்களும் சேர்ந்தே படிக்க வேண்டிய நாவல் ஒன்று இருக்கிறது. "சில நேரங்களில் சில மனிதர்கள்" என்பது அதன் பெயர்.

எழுதியவர் ஜெயகாந்தன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ம் ஆண்டு பிறந்தவர். பள்ளியில் அவர் படித்தது 5-ம் வகுப்பு வரைதான். ஆனாலும், 2002-ம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அவரைத் தேடி வந்தது.

மழையில் நின்ற பெண்

1966-ம் ஆண்டு "ஆனந்த விகடன்" இதழில் "அக்கினிப் பிரவேசம்" என்ற சிறுகதையை அவர் எழுதினார்.

கல்லூரி மாணவி ஒருத்தி கொட்டும் மழையில் பஸ்சுக்காக நிற்கிறாள். பணக்கார வாலிபன் ஒருவன் அவளைக் காரில் ஏற்றிச் செல்கிறான். அவளிடம் தகாத முறையில் நடந்துவிடுகிறான்.

பெண் அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள். தாய் முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். அவள் மீது களங்கம் இல்லை என்று தேற்றுகிறாள்.

"இது என்ன நியாயம்?" என்று வாசகர்கள் பலர் கொதித்தார்கள்.

கங்காவின் கதி

அந்தத் தாய் ஊர் அறியக் கூச்சல் போட்டு இருந்தால்? அதைத்தான் ஜெயகாந்தன் நாவலாக எழுதினார். 1970-ம் ஆண்டு அது புத்தகமாக வந்தது. 1972-ல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. 1977-ல் சினிமாவாகவும் வந்தது. கங்காவாக லட்சுமி நடித்தார்.

நாவலில் வரும் கங்காவை அண்ணன் வீட்டை விட்டே துரத்துகிறான். படிக்க வைத்த மாமாவின் பார்வையும் சரியில்லை. அவள் படித்து நல்ல உத்தியோகம் பார்க்கிறாள். ஆனால், அன்பு காட்டத்தான் ஆள் இல்லை.

கடைசியில், அன்று காரில் ஏற்றிச் சென்ற அதே மனிதனைத் தேடிப் போகிறாள். அவனிடமே துணையைத் தேடுகிறாள். அதுவும் நிலைக்கவில்லை.

இரண்டு கதையிலும் நடந்த சம்பவம் ஒன்றுதான். தாயின் நடத்தைதான் வேறு. அதுவே மகளின் வாழ்வை மாற்றிவிட்டது.

இன்று என்ன செய்வது?

"தாய் மூடி மறைத்தால் தப்பு செய்தவன் தப்பிவிடுவானே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மறைக்கத் தேவை இல்லை. போலீசில் புகார் கொடுக்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசலாம். ஆனால், புகார் கொடுக்கப் போகும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும் அல்லவா?

கீரப்பாளையத்தில் பஸ் ஏறிச் சிதம்பரத்துக்குப் படிக்கப்போகும் பெண்கள் உண்டு. மழை நாளில் வீடு திரும்ப நேரமாகும். அப்போது, "எங்கே சுற்றிவிட்டு வருகிறாய்?" என்று அதட்டினால் பெண்ணின் வாய் அடைத்துவிடும். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் மனதில் உள்ளதை எல்லாம் கொட்டிவிடுவாள்.

வீட்டில் அன்பு கிடைக்கும் பெண், அதற்காக யார் பின்னாலும் ஓடவேண்டியது இல்லை. கங்காவின் கதை பெற்றோருக்குச் சொல்லும் பாடம் இதுதான்.