மொட்டை மாடி ஓனருக்கு, கரண்ட் பில் நமக்கு

தில்லிக்கு மாற்றலாகி வரும் நண்பர் ஒருத்தர் போன வாரம் போனில் கேட்டார். "மயூர் விஹார்ல டாப் ஃப்ளோர் ஒண்ணு பார்த்திருக்கேன், கீழ் வீட்டை விட வாடகை ரெண்டாயிரம் கம்மி. எடுக்கலாமா?"

எடுங்க, ஆனா அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை போய், ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கைத் தொட்டுப் பாருங்கன்னு சொன்னேன். மனுஷன் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல. காரணம் சொல்றேன்.

2024 மே மாசம் அம்மா திருநெல்வேலியில் இருந்து எங்களோடு இருக்க வந்திருந்தாங்க. அந்த மே எப்படிப்பட்டதுன்னு இங்கே இருக்கறவங்களுக்குத் தெரியும். 29ஆம் தேதி சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி. வந்த முதல் நாள் ராத்திரியே அம்மா சுவரில் கையை வெச்சுட்டு, "இது என்னல, சுவரு தோசைக்கல்லாட்டம் சுடுது?" ன்னாங்க. டாப் ஃப்ளோர்னா அப்படித்தாம்மான்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

ஒரு நாள் மதியம் ஆபீஸில் இருந்து சீக்கிரம் வந்தேன். ஏசி ஓடல. அம்மா ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கிட்டு, சமையலறை ஓரமா தரையில் உட்கார்ந்திருந்தாங்க. எழுந்திருக்கப் போனவங்க தலைசுத்தி சுவரைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஏம்மா ஏசி போடலன்னு கேட்டா, "போன மாசம் பில்லைப் பார்த்து நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியே" ன்னு பதில். மோர் கொடுத்து, ஏசி போட்டுப் படுக்க வெச்சதில் சாயங்காலம் சரியாயிட்டாங்க. எனக்குத்தான் சரியாகல.

அன்னைக்குப் புரிஞ்சது இதுதான். நம்ம வீடுகளில் மின்சார சிக்கனம்னு நாம சொல்றது, பாதி நேரம் யாரோ ஒருத்தர் சத்தமில்லாம வேர்த்துக்கிட்டு இருக்கறதுதான். அந்த ஒருத்தர் அநேகமா பகலில் வீட்டில் இருக்கும் அம்மாவோ, மனைவியோ, வயசானவங்களோ. சுவிட்சை அணைச்சு மிச்சம் பிடிக்கறது அவங்க உடம்பில் இருந்து எடுக்கறது. வீட்டைச் சரி பண்ணி மிச்சம் பிடிச்சா யாரும் வேர்க்க வேண்டாம். இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் நான் பில்லைப் பார்த்து மூஞ்சியத் தூக்கினேன்.

சரி, அளந்து பார்த்துடுவோம்னு இறங்கினேன். முதல் அளவுக்குக் காசே வேண்டாம். மின் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். எங்க மீட்டரில் 3200 சிமிட்டல் ஒரு யூனிட்டுன்னு போட்டிருக்கு. ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போய் நின்னா, 45 நொடிக்கு ஒரு தடவை அது பாட்டுக்குச் சிமிட்டுது. கணக்குப் போட்டா 25 வாட்ஸ். ரிமோட்டில் மட்டும் அணைச்ச செட்டாப் பாக்ஸ், டிவி, மைக்ரோவேவ், ஸ்டெபிலைஸர் எல்லாம் சேர்ந்து குடிக்கறது. மாசம் 18 யூனிட், யாருக்கும் பிரயோஜனமில்லாம. பிளக் பாயிண்டில் அணைச்சா தீர்ந்தது.

அடுத்தது ஃபேன். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்ஸ். இப்போ வரும் பிஎல்டிசி ஃபேன் 30க்குப் பக்கம். தினம் 15 மணி நேரம் ஓடினா ஒரு ஃபேனுக்கே மாசம் 20 யூனிட் மிச்சம். விலை மூவாயிரம் ரூபாய் போல ஆனாலும் வீடு மாறும்போது கழட்டி எடுத்துட்டுப் போகலாம். வாடகைக்கு இருக்கறவனுக்கு இதை விட நல்ல முதலீடு இல்லை.

ஏசி வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீங்க. மின்திறன் அமைப்பு (பிஇஇ) அளவுகோலை அப்பப்போ இறுக்கும். பழைய வருஷத்து அஞ்சு நட்சத்திரம் புதுக் கணக்கில் நாலோ மூணோதான். லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு போட்டிருக்கும், 1600 மணி நேரம் ஓடினா ஆகும் கணக்கு அது. அதைப் பாருங்க. மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடறதை விட வெளியே மூங்கில் தட்டி கட்டறது மேல். இங்கே சிக்னு கேட்டா கிடைக்கும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போட்டு என்ன பண்றது?

ஆனா நிஜமான வில்லன் தலைக்கு மேலே இருந்தான். ஆபீஸ் எலக்ட்ரீஷியன்கிட்ட வெப்பம் பார்க்கும் துப்பாக்கியை இரவல் வாங்கினேன். (கொரோனா சமயம் நெத்தியில் காட்டின துப்பாக்கி இதுக்கு ஆகாது, காய்ச்சல் அளவைத் தாண்டினா அது கையை விரிச்சுடும்.) மதியம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடித் தளம் 61. ராத்திரி ஒன்பதுக்கு வீட்டுக்குள் சீலிங் 41. அதாவது பகல் பூரா கான்கிரீட் குடிச்ச வெயிலை ராத்திரி பூரா எங்க மேல் துப்புது. அதை எதிர்த்துத்தான் ஏசி ஓடுது, அதுக்குத்தான் நான் காசு கட்டறேன்.

ஊரில் எங்க வீட்டு மாடியில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதுக்கு மேல் தட்டோடு பதிச்சிருக்கும். சொந்தமா இருக்கப் போறவர் கட்டின வீடு. இங்கே எங்க தலைக்கு மேல் இருக்கறது வெறும் கான்கிரீட். கட்டினவருக்கு இதில் நஷ்டமில்லை, சுடறது அவரை இல்லை. எக்கோ நிவாஸ் சம்ஹிதான்னு 2018ல் மத்திய அரசு குடியிருப்புகளுக்கு ஒரு விதித்தொகுப்பு கொண்டு வந்தது. கூரை வழியா எவ்வளவு வெப்பம் இறங்கலாம்னு அதில் உச்சவரம்பே இருக்கு. ஆனா அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும்பும் புதுக் கட்டடங்களுக்கு. நம்மள மாதிரி ஆட்கள் குடியிருக்கும் சின்ன மனை வீடுகள் அதில் மாட்டாது.

ஓனர்கிட்ட போய் மாடிக்கு ஏதாவது பண்ணுங்கன்னு கேட்டேன். "ஏசி போட்டுக்கோங்க, பில் உங்களுதுதானே" ன்னு இந்தியில் சிரிச்சுக்கிட்டே சொன்னார். அதேதான் சார் விஷயம், பில் என்னுது! அதுவும் அவர் வெச்ச சப்-மீட்டரில், யூனிட்டுக்குப் பத்து ரூபாய். தில்லியில் 2019ல் வந்த மானியம் எல்லாம் அவர் பேரில் வரும் பில்லோடு நின்னுடும்.

என் செலவில் சுண்ணாம்பு அடிச்சுக்கறேன்னதும் சம்மதிச்சார். 2025 ஏப்ரலில் முதல்ல பெட்ரூமுக்கு மேலே மட்டும், ஒட்டுப்பசை கலந்து ரெண்டு கோட்டு அடிச்சோம். ஹாலுக்கு மேலே வேணும்னே விட்டுட்டேன். நல்ல வெயிலடிச்ச ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஹால் சீலிங் 40, பெட்ரூம் சீலிங் 35. ஒரே வீடு, ஒரே நாள், நடுவில் ஒரு சுவர். மறுநாளே மீதியையும் அடிச்சாச்சு. (பில்லை வெச்சு நான் பெருமை பேசல. அந்த மே மாசம் தில்லியில் ரெக்கார்ட் மழை, பில் தானாவே குறைஞ்சிருக்கும்.) மழைக்குச் சுண்ணாம்பு கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். சொந்த வீட்டுக்காரங்க வெள்ளை டைல்ஸ் பதிச்சுடறது நல்லது.

அடுத்த வருஷம் ஓனர் வாடகையை ஏத்தினார். காரணம் கேட்டா, "இப்போ வீடு ஜில்லுன்னு இருக்கே!" தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... :-)

யோசிச்சா அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கு. சூடு இல்லாத வீட்டுக்கு ஒரு விலை உண்டுன்னு அவரே ஒத்துக்கிட்டார். அப்போ சூடான வீட்டுக்கு நாம ஏன் பேரம் பேசக் கூடாது? தண்ணி வருதா, பார்க்கிங் இருக்கான்னு எல்லாம் கேக்கறோம். போன ஜூன் மாசம் எத்தனை யூனிட் ஆச்சு, பில்லைக் காட்டுங்கன்னு கேக்கறதில்லை. சுண்ணாம்புச் செலவை வாடகையில் கழிக்கணும்னு ஒப்பந்தத்தில் எழுதறதில்லை. நானே எழுதல, அதான் இப்படி. பத்து பேர் கேட்டா புரோக்கரே ஓனர்கிட்ட சொல்லி மாடிக்கு வெள்ளையடிக்க வெச்சுடுவார்.

நண்பர்கிட்ட இவ்வளவையும் சொல்லி முடிச்சதும், அந்த வீட்டு ஓனரோட ஜூன் பில்லைக் கேட்டு வாங்கறேன்னார். அம்மா அடுத்த மே மாசம் திரும்ப வர்றாங்க. இந்தத் தடவை ஏசி ரிமோட் அவங்க கையில். பில் என் தலகாணிக்கு அடியில்.

பி.கு: உங்க ஊரில் டாப் ஃப்ளோர் சூட்டுக்கு என்ன வைத்தியம் பண்றீங்க? செலவோட சொல்லுங்க, எல்லாருக்கும் உதவும்.