சுத்திகரிக்க வேண்டியது தண்ணீரை மட்டுமா?

கோடை விடுமுறையில் இளங்கலை மாணவர்கள் ஆய்வுக்கூடங்களில் நீர்ச் சுத்திகரிப்புப் பயிற்சி பெறுகின்றனர். படிகாரமிட்டுக் கலங்கலைத் தெளிவிக்கவும், நீரில் கரைந்த கன உலோகங்களை அளக்கவும் இரண்டு மாதங்களில் கற்றுக்கொள்கின்றனர். வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால், நீரைக் கெடுத்தவர் யார் என்ற கேள்வியைக் கேட்காத பயிற்சி அரைகுறைப் பயிற்சியே.

பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடை இதற்குச் சான்று. 2000இல் அங்கு கொக்கோ-கோலா ஆலை இயங்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே கிணற்று நீர் சமையலுக்கும் உதவாமற் போயிற்று. 2002 ஏப்ரல் 22 அன்று ஆதிவாசி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர்; மயிலம்மா அதன் முகமானார். ஆலையின் கழிவுச் சேறோ, உரம் என்ற பெயரில் விவசாயிகளின் வயல்களுக்குச் சென்றது. அந்தச் சேற்றில் ஈயமும் காட்மியமும் இருப்பதை 2003இல் பிபிசி வானொலிக்காகச் சோதித்துச் சொன்னது இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம். கோவையிலும் பாலக்காட்டிலும் இத்தனை கல்லூரிகள் இருந்தும், உண்மை உலகறியக் கடல் கடக்க வேண்டியிருந்தது!

2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010இல் உயர்நிலைக் குழு இழப்பை ரூ.216.26 கோடி என மதிப்பிட்டது. 2011இல் கேரளச் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வீடு சுத்திகரிப்புக் கருவி வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். எதிர்ச் சவ்வூடு பரவல் கருவி ஒரு பங்கு நீரைத் தூய்மையாக்க, பெரும்பங்கை உப்புக் கழிவாக வெளியேற்றுகிறது. மின்சாரமும் சவ்வு மாற்றும் செலவும் ஏழையின் தலையில் விழும். இலாபம் முதலாளிக்கு, சுத்திகரிப்புச் செலவு பாதிக்கப்பட்டவனுக்கு என்பதே இந்த யோசனையின் உட்பொருள்.

இடுக்கியிலும் கேள்வி இதுவே. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளர்கள் பூச்சிக்கொல்லி தெளிக்கும் சரிவுகளின் நடுவே உழைக்கின்றனர். அச்சரிவுகளில் பெய்யும் மழை ஓடைகளில்தான் இறங்குகிறது. அந்த நீரில் எந்த நஞ்சு, எவ்வளவு என்பதை அறிவது தொழிலாளியின் உரிமை.

ஆகவே கோடைக்கால ஆய்வுக்குப் பொது நிதி வேண்டும். ஆய்வுப் பொருளைத் தேர்வு செய்வதில் ஊராட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடம் வேண்டும். முடிவுகள் தமிழிலும் மலையாளத்திலும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். எல்லையின் இருபுறமும் உள்ள மாணவர், இளைஞர் அமைப்புகள் இக்கோரிக்கைகளைக் கையிலெடுக்க வேண்டும். மாணவரின் சோதனைக் குழாய் மக்களின் கையில் சாட்சியமாக மாறும்போதுதான் அறிவியல் தன் கடமையைச் செய்ததாகும்.